ரூட் கெனால் செய்த பல்லில் கசிவு: எங்கிருந்து, எதனால்?

அம்பைக்காரி

வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்க அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் சில வருடங்களுக்கு முன் ரூட் கெனால் செய்தோம். அன்றோடு வலி போய்விட்டது. இப்போது அந்தப் பல்லை ஒட்டிய ஈறில் ஒரு சின்னக் கொப்புளம். அமுக்கினால் சீழ் வருகிறது, இரண்டு நாளில் வற்றுகிறது, மறுபடி வருகிறது. வலி இல்லை, கடித்தால் ஒரு மாதிரி இருக்கிறது என்கிறார்.

இங்கே ஊரில் பார்த்த டாக்டர், "உள்ளே லீக்கேஜ், திரும்பச் செய்யணும்" என்றார். நரம்பை எடுத்து, குழாயை அடைத்து, மேலே சிமெண்டும் வைத்த பல்லில் எது கசியும்? அப்புறம், ஒருவர் சூடாக்கி அடைப்பதுதான் நல்லது என்கிறார், இன்னொருவர் பயோசெராமிக் சீலரோடு ஒரே குச்சி போதும் என்கிறார். எதை நம்புவது?

பேட்டை அண்ணாச்சி

தாயி, ஒரே பல்லுக்கு ரெண்டு தடவை செலவு எதுக்கு? எடுத்துவிட்டால் சோலி முடிந்தது. எங்க வீட்டில் அப்படித்தான் செய்தோம், ஒரு குறையும் இல்லை.

பாளை பல் டாக்டர்

அண்ணாச்சி, வேரில் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தால் நீங்கள் சொல்வதுதான் வழி. ஆனால் அதைப் பார்க்காமலே எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. கீழ்க் கடைவாய்ப் பல் போனால் எதிரே உள்ள மேல்பல் இறங்கும், பின்பல் முன்னால் சாயும், மெல்லுவது ஒரு பக்கமாகிவிடும். நல்ல வேர் இருக்கிற பல்லைக் காப்பாற்றப் பார்ப்பதுதான் முறை.

தங்கச்சி கேட்டதற்கு வருகிறேன். வேர்க்குழாயை அடைக்கிற இளஞ்சிவப்புக் குச்சிக்குப் பெயர் கட்டாபெர்ச்சா. மலேயாப் பக்கத்து மரம் ஒன்றின் பால். நம்ம ஊர் இலுப்பையும் அதே குடும்பம்தான். குச்சியில் அந்தப் பால் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. உடம்புக்கு ஒவ்வாமல் போகாது, சுருங்கிக் கரைந்தும் போகாது, வேண்டுமென்றால் திரும்ப எடுத்துவிடலாம். ஒரே ஒரு குறை, பல்லின் சுவரில் அது தானாக ஒட்டாது. குச்சிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தை அடைப்பது சீலர் என்கிற பசை.

நம்ம ஊர்க் குளத்து மடையைப் பார்த்திருப்பீர்கள். பலகை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், தண்ணீர் பலகைக்கும் கல்லுக்கும் நடுவில்தான் வழி தேடும். பல்லிலும் அதே இடம்தான். குச்சிக்குள் எதுவும் கசிவதில்லை, அதன் ஓரமாகக் கசிகிறது.

கசிவு இரண்டு பக்கமிருந்தும் வரும். மேலே சிமெண்ட் தேய்ந்தாலோ உடைந்தாலோ எச்சிலும் கிருமியும் கீழே இறங்கும். கீழே வேர்நுனி சரியாக அடைபடாவிட்டால் எலும்புப் பக்கத்து நீர் உள்ளே வந்து, அங்கே மிச்சமிருக்கிற கிருமிக்குத் தீனியாகும். அந்தக் கிருமியின் கழிவு வெளியே போய் எலும்பைக் கரைக்கும். அம்மாவுக்கு வருகிற கொப்புளம் அந்தச் சீழ் வடிகிற வாய். வடிய வழி இருப்பதால் வலி இல்லை. வலி இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். பல்லுக்கு மேலே கேப், அதாவது உறை, போட்டீர்களா? சமீபத்தில் எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா?

அம்பைக்காரி

கேப் போடவில்லை டாக்டர் சார், சிமெண்டோடு இருக்கிறது. எக்ஸ்ரேக்கு நாளைக்குப் பாளை வருகிறோம்.

வள்ளியூர் வாத்தியார்

டாக்டர், கிருமி இல்லாவிட்டால் வேர்நுனியில் நோயே வராதா? உள்ளே செத்துக் கிடக்கிற நரம்பே போதும், அதுவே சீழ் பிடிக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பாளை பல் டாக்டர்

அந்தக் கேள்விக்கு 1965-லேயே விடை கிடைத்துவிட்டது, வாத்தியார் சார். ககேஹாஷி என்பவரும் அவரோடு இருந்தவர்களும் எலிகளின் பல் நரம்பைத் துளைத்துத் திறந்தே விட்டார்கள். சாதாரண எலிகளுக்கு நரம்பு அழுகிச் சீழ்க்கட்டி வந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு, துளைக்குள் உணவுத் துணுக்கு அடைத்துக் கிடந்தும் நரம்பு உயிரோடு இருந்தது, துளையை மூடப் புதுப் பல்திசுவும் வளர்ந்தது. நாங்கள் குடைவது, கழுவுவது, அடைப்பது எல்லாம் கிருமியை வெளியேற்றி மறுபடி வராமல் தடுக்கத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் எதை வைத்து அடைப்பீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். குழாயை எப்படிக் குடைந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் பாதிக் கசிவு குடையும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

வேர்க்குழாய் நேராக இருப்பது அபூர்வம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேர் நல்ல வளைவு. குழாயைக் குடைகிற ஊசி மாதிரி அரத்துக்கு ஃபைல் என்று பெயர். அந்த வளைவில் விறைப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபைலை, அளவு கூடக் கூட, முறுக்கி இறக்கினால் ஃபைல் நேராகத்தான் நிற்கப் பார்க்கும். வளைவின் வெளிப்பக்கச் சுவரை நுனியில் அரித்துவிடும். வட்டமாக இருந்த நுனித்துளை கண்ணீர்த்துளி வடிவத்துக்குக் கிழிந்துவிடும். அடைக்கிற குச்சியோ வட்டம். எவ்வளவு அருமையான சீலராக இருந்தாலும் அந்த இடத்தில் கெட்டியாக அடைவது கடினம்.

நிக்கல் டைட்டானியம் கம்பியில் ஃபைல் செய்யலாம் என்று வாலியாவும் குழுவினரும் 1988-இல் எழுதினார்கள். வளைவோடு வளைந்து போகிற ஃபைல் அது. இன்றைக்கு மோட்டாரில் சுற்றுகிற ரோட்டரி ஃபைல் எல்லாம் அதன் வாரிசு. குழாய் நடுவிலேயே நின்று, மேலிருந்து கீழே சீராகக் குறுகுகிற வடிவம் கிடைக்கும். அந்த வடிவம் கிடைத்தால் கழுவுகிற தண்ணியும் நுனிவரை போகும், குச்சியும் இறுக்கமாக உட்காரும்.

முதுகலை மாணவி

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பீட்டர்ஸ் குழுவினர் 2001-இல் மைக்ரோ சிடி என்ற நுண் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, எந்த ஃபைலைப் போட்டாலும் குழாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ ஃபைல் தொடவே இல்லை. தொடாத இடத்தைக் கழுவும் திரவம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்ட இடத்திலும் சிக்கல் உண்டு. ஃபைல் சுரண்டிய தூளும் நரம்புத் துணுக்கும் குழைந்து சுவரில் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனில் ஒரு படலமாக அப்பிக்கொள்ளும். அதன் மேல் சீலர் போட்டால், சீலர் பிடித்திருப்பது படலத்தை, பல்லை இல்லை. குழாயைக் கழுவுகிற ஹைப்போகுளோரைட் திரவம் அதில் உள்ள உயிர்ப்பொருளைக் கரைக்கும், சுண்ணாம்புத் தூளை அசைக்காது. அதற்கு, சுண்ணாம்பைக் கரைக்கிற 17 சதவீத இடிடிஏ திரவத்தை ஒரு நிமிடம் விட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஹைப்போகுளோரைட்டின் வீரியம் போய்விடும், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விட வேண்டும். ஹைப்போகுளோரைட் இருக்கும்போதே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை விட்டால் செம்பழுப்பு நிறத்தில் கசடு படிந்து, பல்லின் உட்திசுவான டென்டினின் நுண்குழல்களை அடைத்துவிடும். நடுவில் உப்புநீரால் கழுவி, உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்தச் சில நிமிட வேலை எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. சீலர் எதைப் பிடிக்கப்போகிறது என்பது இதில்தான் இருக்கிறது.

பேட்டை அண்ணாச்சி

எக்ஸ்ரேயில் தெரியாது என்றால், கசிகிறதா இல்லையா என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்?

முதுகலை மாணவி

வாயில் இருக்கிற பல்லில் நேரடியாக அளக்க முடியாது, அண்ணாச்சி. பிடுங்கிய பல்லில் செய்து பார்க்கிறோம். அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

ஒற்றை வேர்ப் பற்களாகப் பொறுக்கி, தலைப்பகுதியை வெட்டிவிட்டு, எல்லா வேரையும் ஒரே அளவுக்குக் குடைவோம். முறைக்கு ஒரு குழுவாகப் பிரித்து அடைப்போம். சீலர் இறுகும்வரை ஈரத்தோடு 37 டிகிரியில் வைத்திருப்போம். அப்புறம் வேர்நுனியில் கடைசி 2 மில்லிமீட்டரை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் இரண்டு பூச்சு நெயில் பாலிஷ். மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தில் ஊறப்போட்டு, கழுவி, டிஸ்க்கால் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் கீறி, உளியை வைத்து ஒரு தட்டு. வேர் இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு பாதியில் குச்சி ஒட்டிக்கொண்டிருக்கும், மறுபாதியில் அதன் அச்சு பள்ளமாகத் தெரியும். அச்சின் ஓரத்தில் ஒரு நீலக்கோடு ஏறியிருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் ஏறும். சீலர் மெலிந்த பக்கமோ, காற்றுக் குமிழ் மாட்டிய பக்கமோ. எதிர்ப்பக்கச் சுவர் கறையே இல்லாமல் இருக்கும். அந்தக் கோட்டின் உயரத்தை நுண்ணோக்கியில் அளந்து எழுதுவோம்.

ஒரே கை, ஒரே முறை, அடுத்தடுத்த இரண்டு பல். ஒன்றில் சாயம் நுனியோடு நிற்கும், மற்றதில் பாதி வேர்வரை ஏறியிருக்கும்.

வள்ளியூர் வாத்தியார்

அப்படியென்றால் எந்த முறைக்குக் குறைவாகச் சாயம் ஏறுகிறதோ அதுதான் சிறந்த முறை என்று எடுத்துக்கொள்ளலாம் இல்லையா, மகளே?

முதுகலை மாணவி

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது, சார். மெத்திலீன் புளூ மூலக்கூறு கிருமியை விட மிக மிகச் சிறியது. சாயம் போகிற சந்தில் கிருமி போக வேண்டிய கட்டாயம் இல்லை. சந்தில் காற்று அடைபட்டிருந்தால் சாயமே உள்ளே போகாது. கசிகிற பல் நல்ல பல் மாதிரித் தெரியும். கால்சியம் ஹைட்ராக்சைடு பட்டால் சாயத்தின் நிறமே வெளுத்துவிடும், அப்போது அளவு பொய். இந்தக் குறையைத் தாண்டத்தான் திரவ அழுத்தம் கொடுத்து அளப்பது, குளுக்கோஸ் விட்டு அளப்பது, கிருமியையே விட்டுப் பார்ப்பது என்று பல வழி வந்தது. ஒரு வழியில் ஜெயிக்கிற முறை இன்னொரு வழியில் தோற்கிறது. வூ, வெஸ்ஸலிங்க் இருவரும் 1993-லேயே இதை எழுதி எச்சரித்தார்கள். 2007-இல் வேர்க்குழாய் சிகிச்சைக்கான ஆய்விதழ் ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸின் ஆசிரியர் குழு, முறைகளை ஒப்பிடும் இந்த மாதிரிக் கசிவுச் சோதனைக் கட்டுரைகளை இனி வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தது.

ரெசிலான் கதை இதற்கு நல்ல உதாரணம். 2004 வாக்கில் கட்டாபெர்ச்சாவுக்குப் பதிலாக வந்த பிளாஸ்டிக் அது. குச்சி, சீலர், பல் மூன்றும் ஒரே கட்டியாக ஒட்டும் என்றார்கள். ஆரம்பச் சோதனைகளில் கசிவு குறைவாகவே காட்டியது. ஆனால் கிருமிகளின் நொதி அந்தப் பிளாஸ்டிக்கை அரிக்கும் என்று பின்னால் தெரிந்தது. நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில் கட்டாபெர்ச்சாவை விட அதிகம் தோற்றது. இன்றைக்கு அது விற்பனையில் இல்லை. அதற்காகச் சோதனைக்கூடமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சாயம் எங்கே ஏறுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு என் கை மாறியிருக்கிறது.

அம்பைக்காரி

எக்ஸ்ரே எடுத்தாச்சு. படத்தை ஏற்றியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை இரண்டு வேர். முன்வேரில் வெள்ளைக்கோடு நுனிவரை போகவில்லை. அதன் நுனியில் பட்டாணி அளவுக்குக் கறுப்பு. பின்வேர் பார்க்க நன்றாக இருக்கிறது.

பாளை பல் டாக்டர்

நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள். முன்வேரில் அடைப்பு 3 மில்லிமீட்டர் போலக் குறைகிறது. அந்த 3 மில்லிமீட்டரும் வளைவுக்குக் கீழே உள்ள பகுதி. குடையும்போதே அங்கே ஒரு படி விழுந்து, ஃபைல் அதைத் தாண்டியிருக்காது. பின்வேர் நீளம் சரி. ஆனால் மேல்பாதியில் குச்சியை ஒட்டி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு போகிறது பாருங்கள். அது நிரம்பாத சந்து. பின்வேரின் குழாய் பெரும்பாலும் நீள்வட்டம்; அதில் ஒரு வட்டக் குச்சியை மட்டும் வைத்தால் இப்படித்தான் ஓரம் காலியாகும். அதற்கும் மேலே சிமெண்ட் ஒரு மூலையில் குழிந்திருக்கிறது. ஆக, மேலேயும் வழி, கீழேயும் வழி.

நீளத்தைப் பற்றி ஸ்யோக்ரென் குழுவினர் 1990-இல் எழுதியது எனக்கு எப்போதும் மனதில் இருக்கும். வேர்நுனியில் ஏற்கெனவே நோய் இருந்த பற்களில், அடைப்பு நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் முடிந்தவற்றில் 94 சதவீதம் ஆறின. நுனியைத் தாண்டி வெளியே போனவற்றில் 76 சதவீதம். 2 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தவற்றில் 68 சதவீதம். அபெக்ஸ் லொகேட்டர் என்ற, வேர்நுனியைக் காட்டும் மின்கருவி வைத்து நீளம் பார்ப்பதும், எக்ஸ்ரேயில் ஒத்துப்பார்ப்பதும் இதற்காகத்தான்.

முதல் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், திரும்பச் செய்ய வேண்டும். பழைய சிமெண்டை எடுத்தால் கட்டாபெர்ச்சாவின் தலை கறுத்துப்போய் ஒரு நாற்றம் வரும். இப்படிப்பட்ட பல்லில் பல நேரம் ஃபைலை ஓரத்தில் கொடுத்து லேசாக இழுத்தாலே குச்சி முழுதாகக் கையோடு வந்துவிடும். நன்றாக அடைத்த குழாயில் அப்படி வராது. சூடு வைத்தோ கரைப்பான் விட்டோ துணுக்குத் துணுக்காகத்தான் எடுக்க வேண்டும்.

முக்கூடல் தங்கை

டாக்டர், மேலே சிமெண்ட் குழிந்தால் அவ்வளவு ஆபத்தா? எங்க தெருவில் பீடி சுற்றுகிற அக்காமார் பாதிப் பேர் சிமெண்டோடுதான் இருக்கிறார்கள். கேப்புக்குக் காசு சேரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

பாளை பல் டாக்டர்

ஆபத்துதான் அம்மா. இந்த இழையில் நான் சொல்கிறவற்றில் இதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1990-இல் தொராபிநெஜாத் குழுவினர், வேர் முழுவதும் ஒழுங்காக அடைத்த பற்களின் மேல்பக்கத்தைத் திறந்து கிருமியோடு வைத்துப் பார்த்தார்கள். ஒருவகைக் கிருமி 19 நாளில் பாதிக்கு மேற்பட்ட பற்களில் மேலிருந்து நுனிவரை போய்விட்டது. இன்னொரு வகைக்கு 42 நாள் ஆனது. வேருக்குள் எவ்வளவு அழகாக அடைத்தாலும் மேலே மூடாவிட்டால் அதன் காவல் வாரக்கணக்குதான்.

1995-இல் ரே, ட்ரோப் இருவரும் 1010 பற்களின் எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்து, வேர் அடைப்பின் தரத்தை விட மேல் அடைப்பின் தரம் முக்கியம் என்றே எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இரண்டும் சமமாக வேண்டும் என்கின்றன. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிசான அறுவடை முடியட்டும், கோவில் கொடை முடியட்டும், ஆனித் தேரோட்டம் கழியட்டும் என்று கேப்பைத் தள்ளுவது இங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. வலி இல்லாததால் யாருக்கும் அவசரம் தெரிவதில்லை. கையில் காசு இல்லை என்பதும் உண்மை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கும் வழி இருக்கிறது. வேர் அடைத்த அன்றைக்கே குழாய் வாயில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கட்டாபெர்ச்சாவை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் கிளாஸ் அயனோமரோ கம்போசிட்டோ வைத்து மூடச் சொல்லிக் கேளுங்கள். மேலே தற்காலிகச் சிமெண்டுக்குப் பதிலாக நிரந்தர அடைப்பு வைக்கச் சொல்லுங்கள். தற்காலிகம்தான் என்றால் மூன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் வேண்டும், அதுவும் கொஞ்ச நாளைக்கு மட்டும். கேப் பீங்கானாக இருக்க வேண்டும் என்று இல்லை, கடைவாய்க்கு உலோகக் கேப் தாராளமாகப் போதும். கேப் போடாத ரூட் கெனால் பற்கள், போட்டவற்றை விட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்படுகின்றன என்று 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. கசிவும் உண்டு, பல்லே பிளப்பதும் உண்டு.

அம்பைக்காரி

புரிகிறது சார். அடுத்த வாரம் ஆரம்பிக்கிறோம். எந்த முறையில் அடைக்கச் சொல்வது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பாளை பல் டாக்டர்

முறையை நீங்கள் சொல்ல வேண்டாம், செய்கிறவர் கைக்குப் பழகியதைச் செய்யட்டும். ஆனால் எது என்ன என்று தெரிந்திருப்பது நல்லது.

பழைய முறை குளிர் பக்கவாட்டு அழுத்தம். பெரிய குச்சியை வைத்து, ஸ்பிரெடர் என்ற கூர்நுனிக் கருவியால் ஓரமாக அமுக்கி, கிடைத்த இடத்தில் சின்னக் குச்சிகளைச் செருகிக்கொண்டே போவது. ஸ்பிரெடர் நுனிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்வரை இறங்கினால்தான் அடைப்பு கெட்டியாகும். குழாய் ஒழுங்காகக் குறுகினால்தான் அது இறங்கும். ரொம்ப அமுக்கினால் வேரில் விரிசல் விடும். நீளம் கைக்குள் அடங்கியிருக்கும் என்பது இதன் பலம்.

சூடாக்கி அமுக்குவது ஷில்டர் 1967-இல் எழுதிய முறை. இளகிய கட்டாபெர்ச்சா நீள்வட்டக் குழாயின் மூலைகளுக்கும் பக்கக் கிளைகளுக்கும் போகும். சீலர் மெல்லிய படலமாக மட்டும் நிற்கும். சூடாக்கிய கட்டாபெர்ச்சா ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் ஆறும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சில நேரம் நுனியைத் தாண்டி வெளியே பிதுங்கும். அம்மாவின் பின்வேர் மாதிரி குழாய்க்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

ஒற்றைக் குச்சி முறையில் சந்து முழுவதையும் சீலரே நிரப்புகிறது. பழைய துத்தநாக ஆக்சைடு, கிராம்பு எண்ணெய் சீலர் நாளாக ஆகக் கொஞ்சம் கரையும். அதைத் தடிமனாக விட்டு ஒற்றைக் குச்சி வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

முதுகலை மாணவி

சார், பழைய சீலருக்கு நீங்கள் சொல்வது சரி. பயோசெராமிக் என்கிற கால்சியம் சிலிகேட் சீலர் அப்படி இல்லையே. பல்லில் இருக்கிற ஈரத்தை வைத்தே இறுகுகிறது, இறுகும்போது சுருக்கம் மிகக் குறைவு, சுவரோடு சேரும் இடத்தில் பல்லில் இருக்கிற தாது மாதிரியான அபடைட் படிகம் வளர்கிறது. வளைந்த, ஒடுங்கிய முன்வேருக்குச் சூட்டுக் கருவியை நுனிக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே சிரமம். அங்கே அளவுக்குப் பொருந்திய ஒற்றைக் குச்சியும் இந்தச் சீலரும் நல்ல சேர்க்கை. பின்வேருக்கு நீங்கள் சொல்கிறபடி சூடு. ஒரே பல்லில் இரண்டு முறை வைத்தால் தப்பில்லை.

பாளை பல் டாக்டர்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழாயை எலும்பு மாதிரி உலர்த்திவிட்டு அந்தச் சீலரை விடுகிறார்கள் சிலர். இறுக ஈரம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வள்ளியூர் வாத்தியார்

ஒரு சந்தேகம். இந்தப் பயோசெராமிக் கல் மாதிரி இறுகிவிடும் என்கிறீர்கள். நாளைக்கு மறுபடி நோய் வந்தால் எப்படித் திறப்பது?

முதுகலை மாணவி

நல்ல கேள்வி சார். இறுகிய சீலரை எந்தக் கரைப்பானும் எளிதில் கரைக்காது. நடுவில் கட்டாபெர்ச்சா குச்சி நுனிவரை இருந்தால் கவலையில்லை. அதை எடுத்துக்கொண்டே போனால் அதுவே வழி காட்டும், சுவரில் மிச்சமிருக்கிற சீலரை அல்ட்ராசானிக் அதிர்வுக் கருவி வைத்து முடிந்தவரை சுரண்டலாம். குச்சி 2, 3 மில்லிமீட்டர் மேலேயே நின்று, அதற்குக் கீழே சீலர் மட்டும் நிரம்பி இறுகியிருந்தால்தான் சிக்கல். வளைந்த வேரில் அந்தக் கட்டியைத் தாண்டி ஃபைல் போகாது. பல நேரம் ஈறைத் திறந்து வேர்நுனியை வெட்டி எடுக்கிற அறுவை சிகிச்சைதான் மிச்சம். அதனால் எங்கள் துறையில், குச்சியை வெறுமனே வைத்து எக்ஸ்ரே எடுத்து, அது முழு நீளத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சீலர் குழலைத் திறக்க விடுவார்கள்.